புல்தரையில் ஏதோ சரியில்லை: காலையில் தெரியும் அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

விடுமுறை நாள் காலையில் பின்பக்கப் படியில் உட்கார்ந்து புல்தரையைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் அரை மணி நேரம், வாரத்திலேயே எனக்குப் பிடித்த நேரம். கோளாறுகள் கண்ணில் படுவதும் அப்போதுதான். போன வாரம் இல்லாத பழுப்புத் திட்டு, இரவோடு இரவாக யாரோ கிளறிப் போட்ட மண், அறுத்த மறுநாளே வெளுத்துப்போன புல் நுனி. என் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இவற்றையே பல வருடங்களாகத் திரும்பத் திரும்பச் சரிசெய்து வருகிறேன். அதில் ஒரு விஷயம் உறுதியாகப் பிடிபட்டது. புல்தரைக்கு வரும் பறவையையும் விலங்கையும் நாம் குற்றவாளியாகப் பார்க்கிறோம். பெரும்பாலும் அவை துப்புக் கொடுக்க வந்தவை. விரட்டிவிட்டால் துப்பும் போய்விடும்.

அதனால் புல் அறுக்கும் மெஷினை வெளியே எடுப்பதற்கு முன் உட்கார்ந்து பாருங்கள். மைனா எந்த இடத்தில் இறங்குகிறது, எங்கே விடாமல் கொத்துகிறது, எந்த மூலை மட்டும் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. பார்த்த பிறகு கீழே உங்கள் அறிகுறிக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை: 15 செ.மீ. நீளமுள்ள ஸ்குரூடிரைவர், கூரான கத்தி அல்லது சிறு மண்வெட்டி, ஒரு வாளி, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, நாலைந்து காலி டப்பாக்கள், கையுறை.

## புல்லில் பழுப்புத் திட்டு

திட்டைக் கண்டதும் எல்லாரும் தண்ணீரை ஊற்றுவார்கள், அடுத்து உரத்தைப் போடுவார்கள். இப்போதைக்கு இரண்டையும் நிறுத்துங்கள். காரணம் பூஞ்சை என்றால் தண்ணீர் அதை வளர்க்கும். வறட்சி என்றால் உரம் மிச்சப் புல்லையும் கருக்கிவிடும். திட்டின் நடுவை விட்டுவிட்டு ஓரத்தில் குனிந்து பாருங்கள். நடுவில் இருப்பது செத்துப்போன புல், அதனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. எது தின்கிறது, எது பரவுகிறது என்பதெல்லாம் ஓரத்தில்தான் தெரியும்.

### தட்டு அளவுத் திட்டு, சுற்றிலும் கரும்பச்சை வளையம்

நாயின் சிறுநீர். அன்றைக்கே கண்டுபிடித்தால் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டால் போதும். காய்ந்துவிட்டது என்றால் செத்த புல்லைச் சுரண்டி எடுத்து, மண்ணில் தண்ணீரை நன்றாக ஊறவிட்டு, விதையோ பக்கத்திலிருந்து பெயர்த்த புல் துண்டோ வையுங்கள்.

வளையம் இல்லை, மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றும் இடம் என்றால் பெட்ரோல் சிந்தியிருக்கிறது. அரைச் சாண் ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள். இனிமேல் சிமெண்டுத் தரையில் வைத்தே ஊற்றுங்கள்.

### நடந்த காலடி நிமிராமல் அப்படியே நிற்கிறது

புல்லுக்குத் தாகம். நிறமும் பச்சையிலிருந்து நீலச் சாம்பலுக்கு மாறியிருக்கும். ஸ்குரூடிரைவரைக் கையால் மண்ணில் அழுத்துங்கள். திட்டில் இறங்காமல் பக்கத்துப் பச்சைப் புல்லில் சுலபமாக இறங்கினால் காரணம் தண்ணீரேதான்.

ஸ்பிரிங்க்ளர் வைத்திருந்தால் டப்பாக்களைத் தரையில் ஆங்காங்கே வைத்து 20 நிமிடம் ஓடவிட்டு, எதில் எவ்வளவு நிறைந்தது என்று அளந்து பாருங்கள். மற்றவற்றில் இருப்பதில் பாதிகூட ஒரு டப்பாவில் இல்லை என்றால் அந்தப் பக்கத்து வாயில் மண் அடைத்திருக்கும், கழற்றிக் கழுவுங்கள். நன்றாக வளரும் பருவத்தில் வாரத்துக்குச் சுமார் 2.5 செ.மீ. தண்ணீர் போதும், மழையும் அந்தக் கணக்கில்தான். அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ஆழமாக இறங்கவிடுவது நல்லது.

தண்ணீர் ஊற்றிய மறுநாளும் ஸ்குரூடிரைவர் இறங்கவில்லையா? மண் இறுகிவிட்டது. ஆட்கள் நடக்கும் தடத்தில்தான் இது அதிகம் வரும். தோட்டக் கவையைக் குத்தி ஆட்டி, ஒரு சாண் இடைவெளியில் துளை போட்டு விடுங்கள். 5 செ.மீ. இறங்கியதும் 'டக்' என்று இடிக்கிறதா? கீழே கல்லோ கட்டிட உடைசலோ புதைந்திருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் அதே இடத்தில் அதே அளவில் திட்டு வரும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் கதை. தோண்டி எடுத்தால் தீர்ந்தது.

### இழுத்தால் பாய் போலப் பெயர்ந்து வருகிறது

இது வேர்ப்புழு. புல்தரைக் கோளாறுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். அதனால் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

திட்டின் ஓரத்தில் ஒரு கைப்பிடி புல்லைப் பிடித்து மெல்ல இழுங்கள். வேர் பிடித்து நின்றால் வேறு காரணம். எதிர்ப்பே இல்லாமல் அப்படியே பெயர்ந்து வந்தால் அடியில் வேர் இல்லை, எதுவோ தின்றுவிட்டது. இப்போது திட்டும் பச்சையும் சேரும் இடத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக, மூன்று பக்கம் மட்டும் கத்தியால் வெட்டிப் புத்தகத்தின் அட்டையைப் போலத் திருப்புங்கள். மேல் 5 முதல் 8 செ.மீ. மண்ணைக் கையால் உதிர்த்துப் பாருங்கள். வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாக, வளைந்து சுருண்டு கிடக்கும் புழுக்களை எண்ணுங்கள். இப்படி மூன்று நான்கு இடத்தில் எண்ணிய பிறகு முடிவு செய்யுங்கள்.

ஒரு சதுர அடிக்கு 5-க்குள் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆரோக்கியமான புல் அந்த அளவைத் தாங்கும், பறவைகளுக்கும் இரை வேண்டும். பெயர்த்ததை மூடி, மிதித்து, தண்ணீர் ஊற்றுங்கள். 5-க்கும் 10-க்கும் நடுவில் என்றால் புல்லின் நிலையைப் பார்க்க வேண்டும். தண்ணீரும் அறுக்கும் உயரமும் சரியாக இருந்தால் அதுவே சமாளித்துக்கொள்ளும். 10-க்கு மேல் என்றால் மருந்து தேவைப்படலாம். நான் முதலில், வேர்ப்புழுவைக் கொல்லும் நுண்ணிய நூற்புழுவைத்தான் முயன்று பார்ப்பேன். உயிரோடு பொட்டலத்தில் வரும், தண்ணீரில் கலந்து தெளிப்பது. காலாவதித் தேதியைப் பாருங்கள், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். வெயில் பட்டால் அது செத்துப்போகும், ஆகவே சாயங்காலத்தில், ஈரமான தரையில் தெளித்து, மேலே மறுபடி தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை வெயிலில் தெளித்துவிட்டுப் பலனில்லை என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புழு சின்னதாக, மேல்மட்டத்தில் இருக்கும்போதுதான் இதெல்லாம் வேலை செய்யும். கட்டைவிரல் பருமனுக்கு வளர்ந்த புழுவுக்கு மருந்து அடிப்பது வீண். ரசாயன மருந்துதான் வழி என்றால், புல்லின் நடுவில் பூத்திருக்கும் களைப் பூக்களை முதலில் அறுத்துவிடுங்கள். தேனீக்கள் அந்தப் பூவுக்குத்தான் வரும்.

### புல் பெயரவில்லை, ஆனால் இலைகள் கடிபட்டிருக்கின்றன

ஒரே காலையில் பத்திருபது பறவைகள் கூட்டமாக இறங்கி, தரையிலேயே நடந்து நடந்து கொத்தினால் படைப்புழுவைச் சந்தேகப்படுங்கள். 4 லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சோப்பைக் கலந்து, ஒரு சதுர மீட்டரில் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் புழுக்கள் மேலே வந்துவிடும். பிள்ளைப்பூச்சி இருந்தாலும் அதே நேரத்தில் வெளியே வரும். பறவைகள் வேலையைத் தொடங்கிவிட்டன என்றால் இரண்டு மூன்று நாள் அவற்றிடமே விட்டுப் பாருங்கள். திட்டு ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியப் பரவினால் மட்டும் மருந்தை யோசியுங்கள், ஏனென்றால் படைப்புழு ஒரு வாரத்தில் தரையையே மொட்டையாக்கிவிடும்.

### பனி காயும் முன் திட்டின் மேல் பஞ்சு போன்ற இழைகள்

பூஞ்சை. இதைப் பார்க்க விடியற்காலையில்தான் முடியும். வெயில் ஏறியதும் இழை மறைந்துவிடும், பழுப்பு மட்டும் மிஞ்சும். சிலந்தி வலையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வலை புல் நுனியின் மேல் விரிப்பாகக் கிடக்கும், பூஞ்சை இழை இலைகளை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்.

தண்ணீர் விடும் நேரத்தை மாற்றுவதுதான் முதல் வைத்தியம். சாயங்காலம் விடுவதை நிறுத்தி விடியற்காலைக்கு மாற்றுங்கள், இலை பகலில் காய்ந்துவிடும். நைட்ரஜன் உரத்தை நிறுத்துங்கள். ஈரத்தோடு அறுக்காதீர்கள், சக்கரமே பூஞ்சையை மற்ற இடத்துக்குக் கொண்டுபோகும். மூன்று வாரத்தில் ஓரம் நகர்வது நின்றுவிட்டால் போதும். நிற்காமல் தரையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், ஓரத்துப் புல்லை மண்ணோடு ஒரு கையளவு வெட்டியெடுத்து, தாவர நோய் பார்க்கும் நிபுணரிடம் காட்டுங்கள். எந்தப் பூஞ்சை என்று தெரியாமல் வாங்கும் மருந்து பெரும்பாலும் தவறான மருந்தாகத்தான் இருக்கும்.

## இரவில் யாரோ தோண்டியிருக்கிறார்கள்

ஒரு மழைக்காலம் முழுக்க என் தரையில் தினமும் புதுக் குழிகள். பெருச்சாளி என்று நினைத்துக் கம்பி வலை அடித்தேன், ஓரமெல்லாம் கல் பதித்தேன். ஒரு விடியற்காலையில் விழித்திருந்து பார்த்தபோதுதான் கீரி ஒன்று வந்து ஒவ்வொரு இடமாக மோந்து, தேர்ந்தெடுத்துத் தோண்டுவது தெரிந்தது. அது தோண்டிய இடங்களில் நானும் தோண்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வேர்ப்புழு. புழு குறைந்த பிறகு கீரியும் வருவதைக் குறைத்துக்கொண்டது. அதிலிருந்து, தோண்டும் விலங்கைத் தேடுவதற்கு முன் அது எதைத் தேடுகிறது என்று பார்ப்பதே என் வழக்கம்.

குழியின் வடிவம் பாதி விடையைச் சொல்லிவிடும்.

### பென்சில் நுழையும் அளவு துளைகள், மண் கிளறப்படவில்லை

பறவை அலகு. கொண்டலாத்தி நீண்டு வளைந்த அலகால் இப்படித்தான் துழாவும். தரைக்கு நல்லதுதான். நிறையத் துளைகள் ஒரே இடத்தில் இருந்தால் அங்கே மேலே சொன்ன சதுர அடிச் சோதனையைச் செய்யுங்கள்.

### கிண்ணம் போன்ற மேலோட்டமான குழி, 5 செ.மீ.க்குள்

அணில் கொட்டை புதைத்திருக்கும் அல்லது புதைத்ததை எடுத்திருக்கும். காலால் மண்ணைத் தள்ளி மூடுங்கள், அவ்வளவுதான்.

### கூம்பு வடிவக் குழிகள், அல்லது புல் சுருட்டித் தள்ளப்பட்டிருக்கிறது

கீரி மாதிரிப் புழு தேடும் விலங்கு. புழுவைக் கவனித்தால் இதுவும் நிற்கும். பெயர்ந்த புல்லை அன்று காலையே திருப்பி வைத்து மிதித்துத் தண்ணீர் ஊற்றினால் பிழைத்துக்கொள்ளும், மத்தியானம் வரை வெயிலில் கிடந்தால் பிழைக்காது. அறை அளவு இடம் ஒரே இரவில் உழுதது போல இருந்தால் காட்டுப்பன்றியாக இருக்கலாம். இரவில் விளக்கோடு போய்ப் பார்க்கும் எண்ணமே வேண்டாம், வனவிலங்குத் துறையினரிடம் சொல்லுங்கள்.

### விரல் பருமனுக்கு மேடாக ஓடும் கோடு

மழைக்குப் பிறகு தெரிந்தால் பிள்ளைப்பூச்சி. சோப்புத் தண்ணீர்ச் சோதனை உறுதிப்படுத்தும். கோடு அதைவிட அகலமாக, கை அகலத்துக்கு, மிதித்தால் அமுங்கினால் அகழெலி உள்ள நிலப்பகுதிகளில் அதன் சுரங்கம். மிதித்து விடுங்கள். மறுநாள் எது மறுபடி மேடாகிறதோ அதுதான் புழக்கத்தில் இருக்கும் பாதை. அகழெலி மண்புழுவையும் வேர்ப்புழுவையும் தின்னும், புல்லைத் தின்னாது. சின்னத் தரையென்றால் நான் விட்டுவிடச் சொல்வேன்.

### வழவழப்பான விளிம்போடு ஆழமான ஓட்டை

எலி அல்லது பெருச்சாளி. ஓட்டைக்குள் கசக்கிய காகிதத்தை அடைத்து வையுங்கள். மறுநாள் காலை காகிதம் வெளியே கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. பறவைத் தீனி சிதறுவதை நிறுத்துங்கள், நாய்க்கு வைத்த சோற்றை இரவில் வெளியே விடாதீர்கள், சுவரோரம் அடுக்கிய மரத்துண்டுகளை அப்புறப்படுத்துங்கள். பாதிக்கு மேல் இதிலேயே சரியாகிவிடும். விஷம் வைக்க வேண்டாம் என்று மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன். விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடிக்கும் கூகையும் சேர்ந்து சாகும். ஒரு கூகைக் குடும்பம் பிடிக்கும் எலியை எந்தப் பொறியும் பிடிக்காது. ஓட்டை வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டிப் போனால் பூச்சி-எலி ஒழிப்பு செய்பவரைக் கூப்பிடுங்கள், அவரிடமும் பொறி வைக்கவே கேளுங்கள்.

### சின்னச் சின்ன மண் குவியல்கள்

சுருள் சுருளாகப் பிசைந்த மண் என்றால் மண்புழுவின் எச்சம். இது உங்கள் மண்ணுக்குக் கிடைத்த நற்சான்று. காய்ந்த பிறகு துடைப்பத்தால் பரப்பி விடுங்கள். பொடி மண் என்றால் எறும்பு. தனித்தனிக் குவியல், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஈ அளவுப் பூச்சி போய்வருகிறது என்றால் மண்ணில் கூடு கட்டும் தனித் தேனீக்கள். அவை சண்டைக்கு வருவதில்லை. சில வாரத்தில் தாமாகவே போய்விடும், அதுவரை அந்த ஓரத்தை அறுக்காமல் விடுங்கள்.

ஒரே ஓட்டையில் வரிசையாகப் பல பூச்சிகள் போய்வந்தால் அது குளவி. மெஷினின் அதிர்வே அவற்றைக் கிளப்பிவிடப் போதும். தூரத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட்டு, அன்று அறுப்பதை நிறுத்தி, கூடு அகற்றும் ஆளைக் கூப்பிடுங்கள். பெட்ரோல் ஊற்றுவது, தீ வைப்பது, இரவில் அடைப்பது எதையும் செய்யாதீர்கள்.

## அறுத்த மறுநாள் தரை முழுக்க வெளுத்துவிடுகிறது

ஒரு புல்லைப் பிடுங்கி நுனியைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்.

நுனி நாராகக் கிழிந்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. வெட்டாமல் பிய்த்திருக்கிறது. ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றுங்கள், மின்சார மெஷின் என்றால் பிளக்கையோ பேட்டரியையோ கழற்றுங்கள். இதைச் செய்யாமல் பிளேடின் பக்கம் கையைக் கொண்டுபோகவே கூடாது. பெட்ரோல் மெஷினை ஏர் ஃபில்டர் மேலே இருக்கும்படி சாய்த்து, பிளேடு சுற்றாமல் மரக்கட்டை கொடுத்து, போல்ட்டைக் கழற்றுங்கள். எந்தப் பக்கம் தரையைப் பார்த்திருந்தது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் சாய்விலேயே அரத்தால் ராவுங்கள், இரண்டு பக்கமும் சம அளவு. நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும். 20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். பிளேடு வளைந்தோ விரிசல் விட்டோ இருந்தால் தட்டி நிமிர்த்தாமல் புதிது வாங்குங்கள்.

நுனி சுத்தமாக வெட்டுப்பட்டு, தண்டு மட்டும் வெளுத்திருந்தால் ஒரேயடியாக நிறைய வெட்டிவிட்டீர்கள். ஒருமுறைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஊருக்குப் போய் வந்து புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தால் நான்கைந்து நாள் இடைவெளியில் படிப்படியாகக் குறையுங்கள்.

மேடான இடங்கள் மட்டும் வெளுத்தால் தரை சமமில்லை. மெஷினை ஒரு படி உயர்த்துங்கள். பள்ளங்களில் மணல் கலந்த மண்ணை ஒருமுறைக்கு 1 செ.மீ.க்கு மேல் போகாமல் தூவி நிரப்பலாம்.

அறுத்த புல் கட்டி கட்டியாகக் கிடந்தால் பனி காயும் முன் அறுத்திருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். வெறும் கையால் புல்லைத் தடவினால் ஈரம் ஒட்டக் கூடாது, அதுதான் அறுக்கும் நேரம். அந்த இடைவேளை வீணில்லை. தரையை ஒருமுறை நடந்து பார்க்க அதுவே சரியான சமயம். தவளை, தேரை, முயல் குட்டி, பறவைக் குஞ்சு எல்லாம் உயர்ந்த புல்லில் அசையாமல் கிடக்கும். மெஷின் சத்தம் கேட்டாலும் அவை ஓடாது. ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டே உங்களைச் சுற்றிப் பறந்தால் பக்கத்தில் வெறுந்தரையில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். சுற்றிலும் இரண்டு மூன்று மீட்டரை ஒரு மாதம் அறுக்காமல் விட்டால் குஞ்சு பொரித்துப் போய்விடும். அறுக்கும்போது நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கம் வாருங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால், ஒளிந்திருப்பவை நடுவில் மாட்டிக்கொள்ளும்.

மெஷினுக்குப் பின்னாலேயே கொக்கோ மைனாவோ நடந்து வந்தால் கோளாறு எதுவும் இல்லை. கிளம்பும் பூச்சியைப் பிடிக்க வருகின்றன.

## மெஷின் கிளம்ப மறுக்கிறது

மின்சார மெஷின் என்றால் சோதனை குறைவு: பிளக் பாயிண்டில் வேறொன்றைப் போட்டுப் பாருங்கள், வயர் முழுக்கக் கையால் தடவி வெட்டு இருக்கிறதா பாருங்கள் (பிளக்கைக் கழற்றிவிட்டு), பேட்டரி சரியாகப் பொருந்தியிருக்கிறதா பாருங்கள். அடியில் புல் அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். அதற்கு மேல் மெக்கானிக்கின் வேலை.

பெட்ரோல் மெஷின் என்றால் இந்த வரிசையில் போங்கள்.

டேங்கில் இருப்பது எப்போது ஊற்றிய பெட்ரோல்? ஒரு மாதத்துக்கு மேல் என்றால் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். நான் பார்த்த வரையில் பாதி மெஷின்கள் இதிலேயே கிளம்பிவிடுகின்றன. அடுத்து ஏர் ஃபில்டர். காகிதம் என்றால் தட்டிச் சுத்தம் செய்யலாம், கறுத்திருந்தால் மாற்றுங்கள். ஸ்பாஞ்சு என்றால் சோப்பில் அலசி நன்றாக உலர்த்துங்கள். அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது, துடைத்துக் காற்றாட 15 நிமிடம் விடுங்கள். கரி படிந்திருந்தால் கம்பி பிரஷால் தேயுங்கள். முனை தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள், விலை குறைவுதான்.

கிளம்பி ஒரு நிமிடத்தில் அணைந்தால் டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். அப்போது ஓடினால் மூடியில் இருக்கும் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. மூடி தளர்ந்தும் அணைந்தால் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அங்கே நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது.

கல்லில் மோதிய பிறகு மெஷின் உதறுகிறது என்றால் உடனே அணையுங்கள். பிளேடு மாற்றியும் உதறல் போகவில்லை என்றால் உள்ளே தண்டு வளைந்திருக்கும். அதை ஓட்டுவது ஆபத்து.

## தண்ணீர் நிற்கிறது, பாசி, காளான்

மழை இல்லாமலே ஒரு மூலை சொதசொதவென்று இருந்தால் முதலில் குழாய்க் கசிவைப் பாருங்கள். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரின் எண்ணைக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் மாறியிருந்தால் பிளம்பர். அந்த மூலைக்கு மட்டும் பறவைகள் தினமும் குளிக்க வருவதைக் கவனித்தே ஒரு கசிவைக் கண்டுபிடித்தேன்.

மீட்டர் அசையவில்லை என்றால் ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 2.5 செ.மீ.க்குக் குறைவு என்றால் வடிகால் போதாது. கவையால் துளை போட்டு, மணலும் மட்கிய இலைத்தூளும் கலந்து நிரப்பிப் பாருங்கள். ஒரு மழைக்காலம் கழித்தும் மாறவில்லை என்றால் வடிகால் குழாய் பதிக்க ஆள் வேண்டும்.

பாசியைச் சுரண்டுவது ஒரு மாதத்துக்குத்தான் தாங்கும். நிழலும் ஈரமும் இருக்கும்வரை திரும்ப வரும். மேலே தாழ்ந்த கிளைகளைக் கழியுங்கள், ஆனால் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. மண் பரிசோதனை செய்யாமல் சுண்ணாம்பு தூவாதீர்கள். வெயிலே விழாத இடத்தில் புல்லை வற்புறுத்துவதைவிட நிழல் தாங்கும் செடியை வைப்பது மேல்.

காளான் என்றால் அடியில் பழைய வேரோ கட்டையோ மக்குகிறது. புல்லுக்குக் கெடுதல் குறைவு. குழந்தையோ நாயோ இருக்கும் வீடு என்றால் தினமும் காலையில் பிடுங்கி மூடிய குப்பையில் போடுங்கள். யாராவது தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் காளான் துண்டோடு மருத்துவரிடம் போங்கள்.

கட்டை மேலும் காய்ந்த புல் மேலும் மண் பூச்சு ஏறியிருந்தால் கரையான். வீட்டுச் சுவரிலிருந்து சில அடி தூரத்துக்குள் என்றால் கரையான் ஒழிப்பவர் வந்து பார்க்க வேண்டும்.

## பறவைகள் வருவது நின்றுவிட்டது

தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். பச்சை படிந்ததா? தேய்த்துக் கழுவுங்கள். ஆழம் 5 செ.மீ.க்கு மேலா? நடுவில் ஒரு கல்லை வையுங்கள். தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் கொசுப்புழுவும் வளராது. தீனியை முகர்ந்து பாருங்கள், பூசண வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். இரண்டும் சரி என்றால் மேலே பாருங்கள்: வல்லூறு பக்கத்து மரத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது புதருக்குள் பூனை. ஒரு வாரம் தீனியை நிறுத்தினால் வல்லூறு இடம் மாறும். தொட்டியைப் புதரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் பூனை பதுங்க முடியாது.

பூச்சிமருந்து அடித்த பிறகு நின்றதா? இரையே இல்லாமல் போயிருக்கும். திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும், பொறுக்கத்தான் வேண்டும்.

## புல்லில் ஒரு குஞ்சு கிடக்கிறது

இறகு முளைத்து, தத்தித் தத்திக் குதித்தால் அது பறக்கப் பழகும் குஞ்சு. எடுக்காதீர்கள். பூனையையும் நாயையும் வீட்டுக்குள் கட்டிவிட்டு ஒதுங்குங்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும். இறகே இல்லை என்றால் கூட்டைத் தேடித் திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. பூனை வாய் பட்ட குஞ்சு, காயம் வெளியே தெரியாவிட்டாலும், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடமோ வனவிலங்கு மீட்பவரிடமோ போக வேண்டும். நீங்களாக வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டாக, சூடாக வைத்தாலே போதும்.

## பாம்பு

சோதனை எதுவும் இல்லை. நின்ற இடத்திலிருந்து மெல்லப் பின்வாங்குங்கள். குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு, தூரத்திலிருந்து அது போகும் திசையை மட்டும் பார்த்துக்கொண்டு, பயிற்சி பெற்ற பாம்பு மீட்பவரைக் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் கட்டு இறுக்குவது, கீறுவது எதையும் செய்யாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே மருத்துவமனை.

பாம்பு தானாக வளை தோண்டுவது அரிது, பெரும்பாலும் எலி தோண்டியதில் குடிவரும். ஆகவே அது போன பிறகு மேலே போய் 'வழவழப்பான விளிம்போடு ஆழமான ஓட்டை' என்ற பகுதியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.